வெள்ளைத் துவாயோடு நின்ற காலை

இப்போது எல்லாம் இணையத்தில் முடிந்துவிடுகிறது. லாஸ் வேகஸுக்கு விமான ரிக்கற், ஹோட்டல் அறை, பாலைவனப் பள்ளத்தாக்கின் மேல் ஹெலிகொப்டர் பயணம் மூன்றையும் ஒரே பக்கத்தில் தெரிவு செய்யலாம். அந்தப் பக்கத்தின் நடுவே ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது: பயணியின் எடை. அதில் ஓர் எண்ணைப் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அந்தக் கேள்வியை இருபத்திரண்டு வருடங்களாக நான் வாயால் கேட்டேன்.

ரொறன்ரோவின் மில்லிக்கனில் எங்கள் அலுவலகம் இருந்த பிளாசாக் கடையில் இப்போது ஒரு பல் வைத்தியரின் பெயர்ப்பலகை தொங்குகிறது. இந்த வசந்தத்தில் கவுண்டரை மூடினார்கள். நானும் ஓய்வு பெற்றேன். கடைசி நாள் மதியச் சாப்பாட்டில், கூட வேலை செய்தவர்கள் ஒரு பயணத்தைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அரைகுறையாகக் கேள்விப்பட்டு ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பைலட்டோடு சண்டை பிடித்தேன் என்றார் ஒருவர். பொலிஸ் வந்தது என்றார் இன்னொருவர். இரண்டும் நடக்கவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நான் ரொறன்ரோவுக்கு வந்தபோது வயது இருபத்தைந்து. பார்க்டேலில் பத்தாம் மாடியில் ஓர் அறை, நான்கு பெண்கள். முதல் வேலை டோனற் கடையில். இரண்டாவது கட்டடங்களைத் துப்புரவாக்குவது. மூன்றாவது, ஞானம் அண்ணையின் பயண முகவர் நிலையத்தில் ரெலிபோன் எடுப்பது. அதற்குப் பிறகு நான் வேலை மாறவில்லை. ரிக்கற் போடப் பழகினேன், விசா படிவங்கள் நிரப்பப் பழகினேன். எங்கள் ஆட்கள் வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிப்பித்து, நயாகராவையும் பார்த்து முடித்து, அடுத்தது எங்கே என்று கேட்கத் தொடங்கிய காலத்தில், குழுக்களை அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. வருடத்துக்கு மூன்று முறை லாஸ் வேகஸும் கிராண்ட் கன்யனும்.

ஞானம் அண்ணை ஊரில் ரயில் நிலையத்தில் ரிக்கற் கொடுத்தவர். கோடையிலும் கம்பளிச் சட்டை போடுவார். கவுண்டரில் ஆள் நின்றால் தானும் எழுந்து நிற்பார். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும். நாங்கள் ஏதாவது பிழை விட்டால் ஏச மாட்டார். "பிள்ளை, இதை ஒருக்கா முதல்ல இருந்து சொல்லுங்கோ" என்பார். முதலில் இருந்து சொல்லிக்கொண்டு வரும்போது எங்கே பிழைத்தோம் என்பது எங்கள் வாயிலேயே வந்து நிற்கும். அதைவிட அவர் நாலு வார்த்தை ஏசியிருக்கலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

ஹெலிகொப்டர் விஷயத்தில் அவருக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. ஏறப் போகும் எவரிடமும் மூன்று தரம் கேட்க வேண்டும்: அலுவலகத்தில் ஒரு தரம், முதல் நாள் ஹோட்டலில் ஒரு தரம், தளத்தில் தராசுக்கு முன்னால் ஒரு தரம். மூன்று தரமும் அந்த ஆளின் வாயால் "ஓம்" வரவேண்டும். புருஷன் சொன்னது, மகள் சொன்னது எதுவும் செல்லாது. மற்றச் சட்டம், யாரிடமும் "பயப்பிடாதேங்கோ" என்று சொல்லக்கூடாது.

"அப்பிடிச் சொன்னா அந்தாள் பயத்தை உள்ளுக்க வைச்சுக்கொண்டு ஏறும். என்ன நடக்கும் எண்டு சொல்லுங்கோ. எவ்வளவு சத்தம் கேக்கும், எந்த இடத்தில தூக்கும், எந்த இடத்தில திரும்பும். பேந்து அவையே முடிவெடுப்பினம்."

எடை கேட்பதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. அலுவலகத்தின் பின்னறையில் திரை ஒன்று கட்டி, அதற்குப் பின்னால் ஒரு தராசு வைத்தார். பயணி தனியே போய் ஏறிப் பார்த்து, துண்டுக் கடதாசியில் எழுதி, மடித்து என்னிடம் தருவார். அப்படியும் ஆட்கள் குறைத்துத்தான் எழுதினார்கள். ஒரு முறை ஓர் அன்ரி எழுதியதற்கும் அங்கே தளத்துத் தராசு காட்டியதற்கும் முப்பது இறாத்தல் வித்தியாசம். "அது காப்பும் சங்கிலியும் பிள்ளை" என்றார் கண்ணைக்கூடச் சிமிட்டாமல். ஹெலிகொப்டரில் யார் எங்கே இருப்பது என்பதைப் பாரம்தான் தீர்மானிக்கும். அந்த முப்பது இறாத்தலால் நாலு பேரின் இருக்கை மாறியது. அவருடைய கணவர் பைலட்டுக்குப் பக்கத்திலும், அவர் முன்பின் தெரியாத இரண்டு ஜெர்மன்காரருக்கு நடுவிலும் பறந்தார்கள். இறங்கி வந்தபோது இருவருமே நல்ல சந்தோஷமாக இருந்தார்கள்.

அந்தத் தளம் நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், பாலைவனத்தின் விளிம்பில் இருக்கிறது. வெயில் ஏற ஏற காற்று மெலிந்துவிடும், அதே இயந்திரம் குறைந்த பாரத்தைத்தான் தூக்கும். அதனால் எங்கள் குழுக்களுக்குக் காலை முதல் சுற்றுகளையே எடுப்பேன். அங்கே ஒரு ஹெலிகொப்டர் வந்து இறங்கினால் அதன் விசிறி நிற்காது. இறங்குபவர்கள் இறங்க, ஏறுபவர்கள் ஏற, அது தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருக்கும். தளத்து ஊழியர் கையைப் பிடித்து முன்பக்கமாக அழைத்துப் போவார். வால் பக்கம் தலைவைத்தும் பார்க்கக்கூடாது. தொப்பி, சால்வை, கழுத்துத் துணி எதுவும் கொண்டுபோக முடியாது. பறக்கிற துணி ஒன்று விசிறியில் சிக்கினால் உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் அதோடு முடிவு. எங்கள் பெண்களின் சால்வைகளை எல்லாம் ஒரு பையில் வாங்கி வைத்துக்கொண்டு நிற்பது என் வேலைகளில் ஒன்று.

தளத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் டோனா என்ற பெண். உயரமானவர், வெயிலில் சிவந்த முகம். சிரிப்பதற்குக் காசு கேட்பார் போல இருக்கும். காற்று கூடிய ஒரு நாளில் எங்கள் குழு முழுவதையும் திருப்பி அனுப்பினார். குழுவில் இருந்தவர்கள் என்னைத் தின்னாத குறை. நான் டோனாவிடம் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை, பஸ்ஸைத் திருப்பினேன். அன்றிலிருந்துதான் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். பிறகு ஒரு நாள் அது எனக்கு உதவியது.

நான்கு வருடங்களுக்கு முன், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் பவளம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பத்தேழு வயது. நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் மகன் வீட்டில் இருந்தார். கணவர் இறந்துவிட்டார். மார்க்கம் நகரில் ஒரு பாண் பேக்கரியில் இருபது வருடம் நின்று வேலை செய்தவர் என்பதை அவர் கதிரையில் உட்காராமல் நின்று பேசியதில் இருந்தே கண்டுகொள்ளலாம்.

"எனக்குக் கெலி மட்டும்தான் வேணும்" என்றார். எங்கள் ஆட்களின் வாயில் ஹெலிகொப்டர் அப்படித்தான் வரும். "மற்ற இடமொண்டும் பாக்கத் தேவையில்லை."

"முந்தி ஏறியிருக்கிறியளோ?"

"இல்லை. கீழ நிண்டிருக்கிறன்."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் போர் முற்றுவதற்கு முன்பே நாட்டை விட்டு வந்தவள். கெலியின் சத்தத்தைத் தூரத்தில் இரண்டு மூன்று தரம் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். எனக்குப் பிறகு வந்தவர்களிடம் இதைப் பற்றிக் கேள்வி கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாக நான் எப்போதும் நினைத்ததில்லை.

மறுநாள் அவருடைய மகன் கஜன் ரெலிபோன் எடுத்தான். இங்கே பிறந்து வளர்ந்தவன். "அன்ரி, ப்ளீஸ், கான்சல் பண்ணுங்கோ. கனடா டேக்கு ஃபயர்வேர்க்ஸ் சத்தம் கேட்டாலே அம்மா பேஸ்மென்ருக்குப் போய் லோன்றி ரூமுக்குள்ள இருப்பா. ஹொஸ்பிற்றல் ஹெலிகொப்டர் மேல போனா அண்டைக்கு முழுக்கச் சாப்பிடமாட்டா. ஷீ ஜஸ்ற் கான்ற். உங்களுக்கு அது விளங்காது."

அவன் சொன்னதில் பிழையில்லை. தாயைப் பற்றிய பயத்தில்தான் பேசினான். நான் ஞானம் அண்ணையிடம் போனேன். அவர் பவளத்தை வரச் சொன்னார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார்.

"பிள்ளை, மகன் வேண்டாம் எண்டு சொல்லுறார். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"நான் போறன் அண்ணை."

"அதில எவ்வளவு சத்தம் வரும் தெரியுமோ?"

"என்னை விட உங்களுக்குத் தெரியாது."

அண்ணை தலை குனிந்தார். "ஓம், அது சரிதான்" என்றார். பிறகு என்னிடம், "போடுங்கோ" என்றார். பவளம் திரைக்குப் பின்னால் போய் எடையைப் பார்த்து, கடதாசியை மடிக்காமலே கொண்டு வந்து தந்தார்.

ஜூன் மாதத்தில் பதினெட்டுப் பேரோடு புறப்பட்டோம். முதல் நாள் பின்னேரம் ஹோட்டல் கீழ்த்தளத்துக் கோப்பிக் கடையில் இரண்டாவது தரம் கேட்பதற்காக அவரோடு உட்கார்ந்தேன்.

"நாளைக்கு ஏறுறியளோ?"

"ஓம்" என்றார். பிறகு, "ரதி அக்கா, உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். அதுக்கு முதல் ஒண்டு சொல்லவேணும்" என்றார்.

அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தம்பிக்குப் பதினைந்து. இருவரும் ஒரு சைக்கிளில் வயல்வெளியைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள். அறுவடை முடிந்த வயல். ஒதுங்குவதற்கு ஒரு பற்றைகூட இல்லை. கெலி வந்தது. தம்பி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தான். பவளம் அவனைப் பிடித்து நிறுத்தினார்.

"ஓடுற ஆக்களைத்தான் சுடுவாங்கள் எண்டு எல்லாரும் சொல்லுவினம். 'ஓடாத, நில். சேட்டைக் கழட்டிக் காட்டு' எண்டு நான்தான் சொன்னனான். வெள்ளைப் பள்ளிக்கூடச் சேட். அவன் கழட்டி ஆட்டினவன். கெலி ரெண்டு தரம் சுத்தினது. மூண்டாம் தரம் வரேக்க சுட்டது. நானும் பக்கத்திலதான் நிண்டனான். எனக்கு ஒண்டும் நடக்கேல்லை."

கோப்பிக் கோப்பையைச் சுற்றி இரண்டு கைகளையும் வைத்திருந்தார். அதைக் குடிக்கவில்லை.

"என்ர அண்ணைக்கு, சிவத்துக்கு, அவனெண்டால் உயிர். செத்த வீட்டில எல்லாருக்கும் முன்னால சொன்னவர், 'நீ நிக்கச் சொல்லாட்டில் அவன் ஓடித் தப்பியிருப்பான், மேல இருந்து பாக்கிறவனுக்குச் சேட்டா தெரியப்போகுது' எண்டு. அண்ணையும் இஞ்சதான் இருக்கிறார், பார்க்டேலில. தம்பின்ர திவசத்துக்கு என்னைக் கூப்பிடுறேல்லை. நான் தனிய என்ர வீட்டில செய்வன். இவ்வளவு வருசமும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் அக்கா. மேல இருந்து பாத்தா அந்தச் சேட் தெரியுமோ, தெரியாதோ? தெரியாதெண்டால் அண்ணை சொன்னது சரி, அவனை நான்தான் நிக்க வைச்சுக் குடுத்தனான். தெரியுமெண்டால்..."

அவர் கோப்பையை விட்டுக் கையை எடுத்தார். என்னைப் பார்த்து, "நீங்கள் என்னோட ஏற வேண்டாம். கீழ வெளியில நிண்டு ஒரு வெள்ளைத் துணியை ஆட்டுவியளோ?" என்றார்.

நான் அறைக்குப் போய் ஞானம் அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன். ரொறன்ரோவில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். கோப்பையைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "முதல்ல இருந்து சொல்லுங்கோ பிள்ளை" என்றார். சொன்னேன். இந்தத் தடவை அதில் பிழை ஒன்றும் வெளியே வரவில்லை.

"பயந்த ஆளுக்குப் பக்கத்தில எங்கட ஆள் இருக்கவேணும் எண்டு நான் சொல்லுறனான்" என்றார்.

"ஓம் அண்ணை. அதுக்குத்தான் எடுத்தனான்."

"அவ கேட்டது பக்கத்தில இருக்க ஆள் இல்லை. கீழ நிக்க ஆள். கேட்டதைக் குடுங்கோ. ஆனால் பைலட்டுக்கு எல்லாத்தையும் சொல்லுங்கோ. ஒண்டையும் மறைச்சுப்போட்டு அந்தப் பிள்ளையை ஏத்தாதேங்கோ."

மறுநாள் காலை ஆறரை மணிக்குத் தளத்தில் இருந்தோம். குழுவைத் தேநீர் குடிக்க விட்டுவிட்டு டோனாவின் அறைக்குப் போனேன். நான் முழுவதும் சொல்லி முடிப்பதற்கு முன்பே அவர் தலையை ஆட்டினார். தளத்துக்குள் துணி கிடையாது. தவிர, பாலைவனத்தில் ஒருவர் துணியை ஆட்டினால் அதற்கு அர்த்தம் ஆபத்து. வேறு ஹெலிகொப்டர் ஒன்று பார்த்தால் இறங்கிவிடும் அல்லது வானொலியில் எல்லோருக்கும் அறிவித்துவிடும். முடியாது என்றார்.

அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் சரியானவை. அதனால் நான் வாதாடவில்லை. தளத்துக்குள் வேண்டாம், வேலிக்கு வெளியே எங்கே நிற்கலாம் என்று கேட்டேன். மற்றப் பைலட்டுகளுக்கு முன்கூட்டியே அறிவிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் முடியாது என்று தொடங்கினார். நான் ஒவ்வொன்றுக்கும், அப்படியென்றால் எப்படி முடியும் என்று கேட்டேன். முன்பு ஒரு நாள் நீங்கள் போகவேண்டாம் என்றபோது நான் ஒரு வார்த்தை பேசாமல் பதினாறு பேரைத் திருப்பிக் கொண்டுபோனேன், இன்றைக்குப் பேசாமல் போகமாட்டேன் என்றும் சொன்னேன். அவர் வானொலியை எடுத்து ரேயைக் கூப்பிட்டார்.

ரே முதல் சுற்றின் பைலட். நரைத்த மீசை. முன்பு இராணுவத்தில் ஓட்டியவர். ஞானம் அண்ணை சொன்னபடி ஒன்றையும் விடாமல் அவரிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும் பவளத்தைக் கூப்பிடச் சொன்னார். அவருடைய கேள்வியை நான் தமிழில் சொன்னேன்: அன்றைக்கு அது எவ்வளவு உயரத்தில் பறந்தது?

"வயல் கரையில பனை நிண்டது. மூண்டு பனை உயரம் இருக்கும்" என்றார் பவளம்.

பனையின் உயரத்தை நான் கையால் காட்டி விளங்கப்படுத்தினேன். அவ்வளவு தாழ்வாகத் தன்னால் வரமுடியாது, அதைவிட நன்றாக உயரத்தில்தான் சுற்றுவேன் என்றார் ரே. அந்த உயரத்தில் இருந்து தெரிந்தால், தாழ்வில் இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும். அது போதுமா என்று கேட்டார். பவளம் யோசித்து, "போதும்" என்றார்.

நான் ரேயிடம் தனியாக, உங்களுக்குப் பதில் தெரியும்தானே, வாயால் சொல்லிவிடலாமே என்றேன். நான் சொன்னால் அது என்னுடைய வார்த்தை, அவர் தன் கண்ணால் பார்க்கட்டும் என்றார் அவர். பவளத்துக்காக இன்னொன்றும் செய்தார். விசிறி நிற்கும்போதே அவரை ஏற்றிப் பெல்ற் போட்டு, அதன் பிறகுதான் இயந்திரத்தைத் தொடங்குவதாகச் சொன்னார்.

டோனா வெளியே நிற்க ஓர் இடத்தைக் காட்டி, மற்றப் பைலட்டுகளுக்கும் அறிவித்தார்; அதற்குப் பிறகும் ஒரு விஷயத்தில் அவரோடு முட்டியது. வெளியே நிற்பவர் ஒளிரும் மஞ்சள் மேற்சட்டை போடவேண்டும் என்றார். நான் மறுத்தேன். அந்தப் பையன் போட்டிருந்தது அது இல்லை, அதோடு நின்றால் இந்த வேலையே வீண் என்றேன். கடைசியில் எங்கள் பஸ் சாரதி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தள்ளி பஸ்ஸோடு நிற்பதென்றும், நான் என் மண்ணிற ஜம்பரோடு நிற்பதென்றும் முடிவானது.

தராசுக்கு முன்னால் மூன்றாவது தரம் கேட்டேன்.

"பவளம், ஏறுறியளோ?"

"கை நடுங்குது. அது நடுங்கட்டும். நான் ஏறுறன்."

பக்கத்து இருக்கைக்கு எங்கள் குழுவில் இருந்த ஓர் ஓய்வு பெற்ற நேர்ஸைப் போட்டுவிட்டு, ஹோட்டல் குளியலறையில் இருந்து எடுத்து வந்த வெள்ளைத் துவாயோடு பஸ்ஸில் வெளியே போனேன்.

வேலியைத் தாண்டி, தெருவில் இருந்து ஒரு சரளைக்கல் பாதை பிரியும் இடம். முழங்கால் உயரப் பற்றைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. சாரதி பஸ்ஸைத் தள்ளி நிறுத்தினார். நான் நடந்து வெளிக்குப் போனேன். சூரியன் அப்போதுதான் மலைக்கு மேல் ஏறியிருந்தது. ஒரு துவாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அறுபத்தொரு வயது மனுஷியாக எனக்கு முதலில் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

பிறகு சத்தம் வந்தது. பதினெட்டு வருடமாக அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் வேலை செய்திருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் சுவரோ, வேலியோ, டோனாவோ பக்கத்தில் இருக்கும். வெட்டவெளியில் அது என்னை நோக்கி வரும்போது கேட்கிற சத்தம் வேறு. காதால் கேட்பதற்கு முன் நெஞ்சில் விழுந்தது. ஹெலிகொப்டர் குறுக்கே வந்து ஒரு பக்கம் சாய்ந்து என்னைச் சுற்றத் தொடங்கியது. நான் துவாயைத் தூக்கி ஆட்டினேன். மேலே பார்த்தேன். உள்ளே இருப்பது பவளம் என்று தெரியும், ரே என்று தெரியும். ஆனால் எனக்கு ஒருவரையும் தெரியவில்லை. கண்ணாடியில் வெயில் மட்டும் மின்னியது.

இரண்டாம் சுற்றில் அதன் நிழல் என் மேலால் போனது. என் கால்கள் பஸ் பக்கம் திரும்பிவிட்டன. என்னைக் கேட்காமலே திரும்பின. பஸ் எவ்வளவு தூரம், ஓடினால் போய்ச் சேரலாமா என்று தலைக்குள் யாரோ அளந்துகொண்டிருந்தார்கள். நிற்கச் சொன்னதும் அந்தப் பையன் நின்றான் என்பதுதான் அப்போது என் நினைவில் இருந்தது. அக்கா சொன்னாள் என்பதற்காக, பள்ளிச் சட்டையையும் கழற்றி, வெறும் மேலோடு நின்றிருக்கிறான். நான் கால்களைத் திருப்பி நேராக வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் துவாயை ஆட்டினேன். ஹெலிகொப்டர் நிமிர்ந்து கிழக்கே பள்ளத்தாக்குப் பக்கம் போகும்வரை ஆட்டிக்கொண்டே நின்றேன். சாரதி வந்து தோளில் தொட்டபோதுதான் நிறுத்தினேன்.

அவர்கள் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. பவளம் நேர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வேலிவாசலுக்கு வந்ததும் கையை விட்டுவிட்டு என்னிடம் தனியாக நடந்து வந்தார். முகம் அழுது வீங்கியிருந்தது. குரல் தெளிவாக இருந்தது.

"கண்டனான்" என்றார். "துவாயைக் கண்டனான். உங்கட ஜம்பர் நிறத்தைக் கண்டனான். ரெண்டாம் சுத்தில நீங்கள் பஸ்ஸைத் திரும்பிப் பாத்தனியள். ஓட நினைச்சனீங்கள், என்ன?"

"ஓம்" என்றேன்.

"அதுவும் தெரிஞ்சது. எல்லாம் தெரியுது அக்கா. பள்ளிக்கூடப் பெடியன் எண்டு வடிவாத் தெரிஞ்சிருக்கும். பாத்துப்போட்டுத்தான் சுட்டவன். நான் தம்பிக்குச் சொன்னது பிழையில்லை. மேல இருந்தவங்களையும் மனிசர் எண்டு நினைச்சுத்தான் சொன்னனான்."

நான் அவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, பள்ளத்தாக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கல்லெல்லாம் சிவப்பு. ஆறு பச்சை. நல்ல வடிவு. ஆத்தில ஒரு படகு போனது. அதில எட்டுப் பேர்" என்றார். "ஒரு ஆள் எங்களுக்குக் கை காட்டினது. நான் திருப்பிக் காட்டினனான்."

பஸ்ஸில் ஏறியதும் ஓர் இடியப்பப் பொட்டலத்தைப் பிரித்து முழுவதையும் சாப்பிட்டார். முதல் நாள் காலையில் இருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ரெலிபோனை எடுத்தார். பக்கத்து இருக்கையில் இருந்ததால் அவர் பேசியது எனக்குக் கேட்டது.

"அண்ணை, நான் பவளம். வைச்சிடாதேங்கோ. நான் கெலியில ஏறிப் பாத்தனான். மேல இருந்து சேட் தெரியும். ஆளையும் தெரியும். திரும்பிப் பாத்தாக்கூடத் தெரியும்."

மற்றப் பக்கம் என்ன சொன்னது என்று எனக்குக் கேட்கவில்லை. பவளம் நீண்ட நேரம் ரெலிபோனைக் காதில் வைத்திருந்தார். பிறகு அதை மடியில் வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. அழுதார்."

அதற்குப் பிறகும் நான்கு வருடம் அந்த வேலையைச் செய்தேன். எடை கேட்டேன், சால்வைகளை வாங்கி வைத்தேன், காற்றுக் கூடிய நாட்களில் பஸ்ஸைத் திருப்பினேன். துவாயோடு வெளியே நிற்கும்படி வேறெவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நின்றிருப்பேன்.

பவளம் பறந்து மூன்று நாள் கழித்து நாங்கள் ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது வெளியே இன்னும் வெயில் இருந்தது. வருகை வாசலில் கஜன் தாயைக் கூட்டிப்போக நின்றான். அவனுக்குக் கொஞ்சம் தள்ளி, தூணோடு ஒட்டி ஒரு மெலிந்த மனிதர் நின்றார். கையில் பஸ் அட்டை. பார்க்டேலில் இருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி மாறி வந்திருக்கிறார். பவளம் அவரைக் கண்டதும் தள்ளுவண்டியை விட்டுவிட்டு நின்றார். அவர் வந்து பவளத்தின் பெட்டியைத் தூக்கினார். அது அவருக்குப் பாரமாக இருந்தது, ஆனாலும் கீழே வைக்கவில்லை.

"இந்த முறைத் திவசம்..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, "உன்ர வீட்டில வைப்பம் பிள்ளை" என்றார்.

"ஸ்ரௌவ்வில் தூரமண்ணை. பஸ்ஸும் இல்லை."

"மகனை அனுப்பு. முதல் நாளே வந்து நிக்கிறன்."

"ஓம்" என்றார் பவளம். "வாங்கோ."